அத்தையோடு அந்தமானில் ஒரு நாள்

குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனால் நம் வீட்டு அம்மாக்களுக்கு என்ன வேலை தெரியுமா? செருப்புக்குக் காவல்! கணவரும் குழந்தைகளும் அலையில் குதித்துக் கும்மாளம் போடுவார்கள். நாம் மணலில் துண்டை விரித்து, நாலு ஜோடிச் செருப்பு, மூன்று பை, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, மாற்றுத் துணி எல்லாவற்றையும் சுற்றி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் பாடு இன்னும் மோசம். "உங்களால முடியாது, நீங்க வீட்டைப் பாத்துக்குங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். செருப்புக்கு நாம் காவல், வீட்டுக்கு அவர்கள் காவல்!

சென்ற ஜனவரியில் நாங்கள் அந்தமான் போய் வந்தோம். நான், என் வீட்டுக்காரர், கல்லூரியில் படிக்கும் பெரியவள், ஆறாம் வகுப்புச் சின்னவன், எழுபத்தொரு வயதாகும் என் அத்தை. ஐந்து நாள் இருந்தோம். அதில் இரண்டாம் நாளைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். அந்த நாளில் எத்தனை இடம் பார்த்தோம் என்பது பெரிதில்லை. ஐந்து பேருக்கும் அந்த நாளில் ஒரு பங்கு கிடைத்தது, அதுதான் பெரிது. அதற்கு என்ன செய்தோம் என்று சொன்னால் உங்களில் சிலருக்காவது உபயோகப்படும் என்று தோன்றியது.

அத்தை வரமாட்டேன் என்றார்

மாமா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அத்தை வாசல்படி தாண்டுவது டாக்டரிடம் போவதற்கு மட்டும்தான். கல்யாணம் காட்சி என்றால் "நான் எதுக்கு?" என்பார். பக்கத்தில் இருக்கும் பழனிக்குக்கூட வருவதில்லை. மாதா மாதம் கிருத்திகைக்கு மலையேறியவர்! பேச்சும் குறைந்துவிட்டது. தூக்கமும் குறைந்துவிட்டது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை ஒன்றாக இருந்தது இரண்டானது. 

அந்தமான் என்றதும், "அய்யய்யோ! திருடனையும் கொலைகாரனையும் கொண்டு விடற ஊருல்ல அது! எனக்கு எதுக்கு அந்த ஊரு?" என்றார். உறவிலும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போனா நீங்க ஒண்ணும் பாக்க முடியாது" என்றார்கள். என் வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் தயக்கம்தான். எனக்கு மட்டும் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

முதலில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சைப் பரிசோதித்தார். "தாராளமாகப் போகலாம். மாத்திரையைப் பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள். வேளை தவறக்கூடாது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்காராமல் நடுநடுவே எழுந்து நடக்கச் சொல்லுங்கள்" என்றார். டாக்டரே சொன்ன பிறகு அத்தையிடம் மறுப்புச் சொல்லக் காரணம் இல்லை. "சரி, பிள்ளைகளுக்குத் துணையா வரேன்" என்றார். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

சென்னையிலிருந்து அந்தமான் தலைநகருக்கு வங்கக்கடலின் மேலே ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர். கப்பலில் போனால் மூன்று நாள் பிடிக்கும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. நாம் இத்தனை காலம் போர்ட் பிளேர் என்று சொல்லிவந்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஆனால் ஆட்டோக்காரர் வாயில் போர்ட் பிளேர்தான் வருகிறது! இன்னொரு விஷயம். அந்த ஊரில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். அபர்தீன் பஜாரில் இட்லிக்கடை தேடவேண்டிய அவசியமே இல்லை. "எந்த ஊரும்மா?" என்று கடைக்காரர் கேட்டதும் அத்தை முகத்தில் ஒரு தெம்பு வந்தது பாருங்கள்!

சூரியன் முந்திக்கொள்ளும் ஊர்

அந்தமானுக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அங்கே உள்ள வெயிலின் கணக்கு. நம் ஊரைவிடக் கிழக்கே வெகு தூரம் தள்ளி இருக்கிறது அந்தத் தீவு. ஆனால் கடிகாரம் மட்டும் நம்முடைய இந்திய நேரம்தான். ஆகவே அங்கே ஜனவரியில் ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. மாலை ஐந்தேகாலுக்கு மறைந்தும்விடுகிறது. சென்னையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் முந்தி. நம் ஊரில் ஒன்பது மணிக்கு அடிக்கும் வெயில் அங்கே எட்டு மணிக்கே அடிக்கும்.

இது தெரியாமல், ஊரில் செய்வதுபோல எட்டு மணிக்கு எழுந்து, பத்து மணிக்குக் கிளம்பி, "மாலையில் கடற்கரைக்குப் போகலாம்" என்று திட்டம் போட்டால் என்ன ஆகும்? நல்ல வெயிலெல்லாம் நம் தலையில். கடற்கரைக்குப் போகும்போது இருட்டு!

சுற்றுலா ஏற்பாடு செய்பவர் ஒருவர், "காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் ஒரே நாளில் இரண்டு தீவு, சிறைச்சாலை, மியூசியம், கடற்கரை, ராத்திரி ஒலி-ஒளிக் காட்சி எல்லாம் முடித்துவிடலாம்" என்று சொன்னார். சின்னவனுக்கு வாயெல்லாம் பல். நான் ஒரு தாளை எடுத்து, அன்றைய நாளை வெயிலை வைத்து மூன்றாக வெட்டினேன். இளவெயிலில் ஒன்று, வெயில் ஏறுவதற்குள் ஒன்று, வெயில் சாய்ந்த பிறகு ஒன்று. நடுவே இரண்டரை மணி நேரம் ஓய்வு. 

"இவ்வளவு காசு செலவழிச்சு வந்துட்டு மத்தியானம் லாட்ஜ்ல தூங்கறதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "தூங்கித்தான் பாருங்களேன்" என்றேன்.

காலை: கடலில் கால் வைத்தேன்

காலை ஆறு மணிக்கெல்லாம் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் இருந்தோம். ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான். பிறை மாதிரி வளைந்த கரை, வரிசையாகத் தென்னை. போகிற வழியில் கடலைப் பார்த்தபடி சிமெண்டால் கட்டிய சின்னப் பதுங்கு அறைகள் இருக்கின்றன. 1942 முதல் 1945 வரை இந்தத் தீவு ஜப்பானியர் கையில் இருந்தது. அப்போது கட்டியவை.

கடலில் இறங்குவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை, தாய்மார்களே! அந்தமான் பக்கத்தில் உப்பு நீர் முதலைகள் உண்டு. ஆகவே எந்தக் கடற்கரையானாலும் அறிவிப்புப் பலகையைப் படிக்காமல், அங்குள்ள காவலரைக் கேட்காமல் குழந்தைகளைத் தண்ணீரில் விடாதீர்கள். அனுமதித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள். நாங்களும் காவலர் வரும்வரை கணுக்கால் தண்ணீரோடு நின்றுகொண்டோம்.

நான் வழக்கம்போலத் துண்டை விரித்துச் செருப்புகளை அடுக்க ஆரம்பித்தேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏம்மா, நீ போகலையா?" என்றார்.

"இதையெல்லாம் யார் பாத்துக்கறது அத்தை?"

"நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்? போ தாயி. சேலையோட இறங்காத, காலைச் சுத்தும். பொண்ணோட சுடிதார் ஒண்ணு பையில இருக்குதுல்ல, அதைப் போட்டுக்கிட்டுப் போ."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் சுடிதார் போட்டதில்லை. அத்தை என்ன நினைப்பாரோ என்றுதான் போடாமலே இருந்தேன். அந்த அத்தையே சொல்கிறார்! உடை மாற்றும் அறையில் மாற்றிக்கொண்டு வந்து, நாற்பத்துநாலு வயதில் முதல் முறையாக இடுப்பளவு கடலில் நின்றேன். பெரியவள் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். அலை வந்து தூக்கி இறக்கும்போது வயிற்றில் ஒரு குறுகுறுப்பு. சின்னப் பிள்ளையாக ஊஞ்சல் ஆடிய ஞாபகம். திரும்பிப் பார்த்தேன். அத்தை செருப்புக்குக் காவலாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

அரை மணி கழித்து நான் கரையேறி, "இப்ப உங்க முறை அத்தை" என்றேன். "சீ, போ!" என்றார். சின்னவன் விடுவானா? "அப்பத்தா, கால் மட்டும்!" என்று இழுத்தான். என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். "ராமேஸ்வரத்துல உங்க மாமாவோட குளிச்சது" என்றார். மாமாவைப் பற்றி அவராக வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

சின்னவன் கரையில் கிடந்த வெள்ளைக் கல் ஒன்றைப் பையில் போட்டான். கல் இல்லை, பவளம்! பவளப்பாறை என்பது சின்னஞ்சிறு கடல் உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. 1972-ஆம் வருஷத்து வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை எடுத்து வருவது குற்றம். செத்துக் கரை ஒதுங்கியதானாலும் எடுக்கக்கூடாது. "அது அதோட ஊர்லயே இருக்கட்டும்" என்று என் வீட்டுக்காரர் சொல்லி, திரும்ப வைக்கச் சொன்னார். முகம் சுருங்கினாலும் வைத்துவிட்டான்.

எட்டரை மணிக்கு வெயில் சுள்ளென்று ஏறும்போது நாங்கள் லாட்ஜுக்குத் திரும்பிக் குளித்து, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். 

முற்பகல்: அந்தச் சின்ன அறை

ஒன்பதரை மணிக்குச் செல்லுலார் சிறை. 1896-ல் கட்ட ஆரம்பித்து 1906-ல் முடித்திருக்கிறார்கள். நடுவே ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஏறக்குறைய 700 தனி அறைகள். ஒரு கட்டடத்தின் முகம் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதால், ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. 1941-ல் வந்த பூகம்பத்திலும் பிறகு யுத்தத்திலும் சில கட்டடங்கள் சேதமாகி, இப்போது மூன்றுதான் மிச்சம். 1979-ல் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 

அறை சுமார் பதினைந்து அடி நீளம், ஒன்பது அடி அகலம். நம் வீட்டுச் சமையலறை அளவு. எட்டாத உயரத்தில் ஒரு சின்னக் காற்றுத்துளை. தாழ்ப்பாளைப் பாருங்கள், அதுதான் கொடுமை. கதவிலிருந்து நீண்ட கம்பி போய்ச் சுவரில் தள்ளி ஒரு குழிக்குள் பூட்டு. உள்ளே இருப்பவன் கம்பிக்கு வெளியே எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாது.

முற்றத்தில் செக்கு இழுக்கும் கைதியின் உருவம் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஓர் ஆள் 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டவேண்டுமாம். நம் கணக்கில் பதின்மூன்றரைக் கிலோவுக்கு மேல்! "வ.உ.சி. இழுத்த செக்கு இதுவா?" என்று சின்னவன் கேட்டான். "அவர் இழுத்தது கோயமுத்தூர் ஜெயில்ல. அதே தண்டனைதான் இங்கேயும்" என்று அப்பா விளக்கினார்.

மாடிப்படி ஏறவேண்டாம் என்று அத்தையைக் கீழ்த்தளத்திலேயே நிறுத்திக்கொண்டோம். பிள்ளைகளும் அப்பாவும் மேலே போனார்கள். அத்தை ஒரு அறைக்குள் தனியாகப் போய் நின்றார். நான் வாசலில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பிள்ளைகளோட அம்மாக்களுக்குக் கடுதாசி ஏதாச்சும் போகுமா?" என்று கேட்டார். 

வருஷத்துக்கு ஒரு கடிதம்தான் எழுத விட்டார்களாம் என்று சொன்னேன். 1933-ல் கைதிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, மூக்கு வழியே குழாய் விட்டுப் பலவந்தமாகப் பால் ஊற்றியதையும் சொன்னேன். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா என்று மூன்று பேர் அந்த உண்ணாவிரதத்தில் இறந்துபோனார்கள். 

"திருடன் கொலைகாரன் ஊருன்னு சொன்னேனே" என்றார் அத்தை மெதுவாக. வெளியே வந்ததும் அந்த வாசல்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குழந்தைகளை இந்த இடத்துக்கு அழைத்துப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விவரம் தெரிந்த பிள்ளைகளாக இருந்தால் அவசியம் அழைத்துப் போங்கள். தூக்குமேடையை மட்டும் அவர்களாகக் கேட்டால் காட்டுங்கள். மிகச் சின்னக் குழந்தைகள் என்றால் யாராவது ஒருவர் வெளியே நிழலில் வைத்துக்கொள்ளலாம், மாற்றி மாற்றி.

நடுப்பகல்: தூக்கம்

பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பினோம். மோர், தயிர்சாதம், நார்த்தங்காய் ஊறுகாய். பிறகு திரையை இழுத்துவிட்டுப் படுத்தோம். தூக்கம் வேண்டாம் என்று சொன்னவர்தான் முதலில் குறட்டை விட்டார்! அத்தைக்கு ஊறுகாய் கொடுக்கவில்லை, உப்பு ஆகாது. ஆனால் கேட்காமலே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. அதோடு, "அடிக்கடி பாத்ரூம் போகணுமே" என்ற பயத்தில் வெளியூரில் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். அதனால்தான் மயக்கம், தலைசுற்றல், மலச்சிக்கல், நீர்க்கடுப்பு எல்லாம் வருகிறது. எங்கே போனாலும் முதல் வேலையாகக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து அவர்களுக்குக் காட்டிவிடுங்கள். தைரியமாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

பிற்பகல்: ராஸ் தீவும் இருபது ரூபாய் நோட்டும்

இரண்டு மணிக்குப் படகுத்துறை. ராஸ் தீவு கண்ணுக்கு எதிரே தெரிகிறது, கால் மணிப் பயணம்தான். எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டினார்கள். அத்தைக்கு மாட்டும்போது, "இது என்ன, மாட்டுக்குச் சேணம் கட்டற மாதிரி!" என்றார். படகில் வயதானவர்களையும் வாந்தி வரும் என்று பயப்படுகிறவர்களையும் நடுப்பகுதியில் உட்கார வையுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. செல்போனைக் குனிந்து பார்க்காமல் தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, வயிறு முட்டவும் ஆகாது. வாயில் ஒரு சுக்கு மிட்டாய் இருந்தால் நல்லது.

படகு நகர்ந்ததும் எதிர்க்கரையில் தென்னைகளுக்கு நடுவே ஒரு கலங்கரை விளக்கம் தெரிந்தது. அதுதான் நார்த் பே. நம்மிடம் இருந்த பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் தென்னையும் கடலுமாக ஒரு படம் இருக்குமே, அது இந்த இடம்தான்! மவுண்ட் ஹாரியட் மலைப்பக்கமிருந்து பார்த்தால் நோட்டில் உள்ளபடியே தெரியும். 2021-ல் அந்த மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் மாற்றினார்கள். 2019-ல் வந்த புது இருபது ரூபாயில் எல்லோரா இருக்கிறது. 

பெரியவள் இதைச் சொன்னதுதான் தாமதம், அத்தை இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். உள்ளே நாலாக மடித்த ஒரு பழைய இருபது ரூபாய்! பிரித்து வைத்துக்கொண்டு நோட்டைப் பார்ப்பதும் கரையைப் பார்ப்பதுமாக, "இத்தனை வருஷமா இந்த ஊரை இடுப்புலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்!" என்றார். படகில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். 

ராஸ் தீவு ரொம்பச் சின்னது. 1858-லிருந்து 1941 வரை ஆங்கிலேயர் இங்கே இருந்துகொண்டுதான் அந்தமானை ஆண்டார்கள். மாதா கோயில், ரொட்டிக் கிடங்கு, நடன மண்டபம், நீச்சல் குளம், அச்சகம் எல்லாம் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். கட்டியதெல்லாம் கைதிகள். 1941 ஜூனில் வந்த பூகம்பத்துக்குப் பின் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 1943 டிசம்பரில் நேதாஜி அந்தமானுக்கு வந்து மூவர்ணக் கொடி ஏற்றினார். அதன் நினைவாக 2018-ல் இந்தத் தீவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 

இப்போது அங்கே மனிதர் குடியிருப்பு இல்லை. புள்ளிமான்களும் மயில்களும்தான். வயதானவர்களுக்கு பேட்டரி வண்டி இருக்கிறது. அத்தையும் நானும் அதில் போனோம். பிள்ளைகள் நடந்தார்கள். கூரையில்லாத வீடுகளின் சுவரெல்லாம் ஆலமர வகை வேர்கள் பாம்பு பாம்பாக இறங்கிப் பிடித்திருக்கின்றன. செங்கல் எது, வேர் எது என்று தெரியவில்லை. 

அத்தை வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரு வீட்டின் முன்னால் வெகு நேரம் நின்றார். "ஆள் புழங்காம வீட்டைப் போட்டு வெச்சா இப்படித்தான். மரம் குடி வந்துரும்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மான் குட்டி வந்து அவர் முந்தானையை முகர்ந்தது.

மாலை: முருகன் இங்கேயும்

நாலு மணிக்குக் கரை திரும்பினோம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி சிறைச்சாலையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சிக்குப் பிள்ளைகளும் அப்பாவும் போக ஆசைப்பட்டார்கள். அத்தைக்கு அவ்வளவு நேரம் உட்கார முடியாது. "எல்லாரும் சேர்ந்துதான் போகணும்" என்று யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. அவர்கள் மூவரும் அங்கே போனார்கள். அத்தையும் நானும் ஆட்டோ பிடித்து வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போனோம்.

ஆமாம், அந்தமானிலும் முருகன் இருக்கிறார்! பங்குனி உத்திரம் அங்கே காவடியும் பால்குடமுமாகப் பெரிய திருவிழாவாம். பழனி மலைக்கு இரண்டு வருஷமாகப் போகாதவர், கடல் தாண்டி வந்து முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் தமிழில் பேச்சுக் கொடுத்தார். அத்தை, "எங்களுக்குப் பழனி பக்கந்தான். வர்ற கிருத்திகைக்குப் போகணும்" என்றார். என் காதில் தேன் வந்து பாய்ந்தது.

ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டார். வழக்கமாக நடுநிசிவரை கொட்டக் கொட்ட விழித்திருப்பவர் விடிகிறவரை புரளக்கூட இல்லை. எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு எங்கே?" 

ஊருக்குத் திரும்பியதும் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை அதே அளவுதான் தொடர்கிறது. அந்தமான் போனால் ரத்தக்கொதிப்பு குறையும் என்று நான் சொல்லவரவில்லை! ஆனால் அத்தை இப்போது சாயங்காலம் பேரனோடு பூங்கா வரை நடக்கிறார். கிருத்திகைக்குப் பழனிக்குப் போய் வந்தார், மின்இழுவை ரயிலில். 

நீங்களும் போவதானால்...

* தீவில் ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் வேண்டாம். குழந்தையோ பெரியவரோ இருந்தால் இரண்டே போதும். சிறைக்கும் தீவுகளுக்கும் விடுமுறை நாள் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

* காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு வரை திறந்த வெயிலில் நிற்காதீர்கள். தொப்பி, குடை, முழுக்கை நூல் சட்டை. கடற்காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவதே தெரியாது.

* குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கடையில் விற்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் சிறந்தது. கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். உப்பு கூடிவிடக்கூடாது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

* பவளப்பாறையில் கால் கீறினால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள். நல்ல தண்ணீரும் சோப்பும் விட்டு நன்றாகக் கழுவுங்கள். வீங்கிச் சிவந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* சாயங்காலம் கொசுவும் மணல் ஈயும் கடிக்கும். குழந்தைகளுக்குக் கை கால் மூடும் உடை போடுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால், தீவுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

* பெரியவர்களின் மாத்திரைச் சீட்டை ஒரு நகல் எடுத்து வேறொரு பையில் வையுங்கள். 

* கடைசியாக ஒன்று. மாற்றுத் துணி எடுத்து வைக்கும்போது உங்களுக்கும் ஒரு செட் எடுத்து வையுங்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் கடலில் இறங்காமல் இருப்பது பயத்தால் அல்ல, மாற்ற உடை இல்லாததால்தான்!